குளிர்நாட்டு வளவில் வசந்தப் பூக்கிழங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டெம்பரில் கடைவாசல்களில் கிழங்குப் பைகள் தொங்கத் தொடங்கியதும் ஒரு தொகுதிச் சந்தேகங்கள் வரும். மே மாதத்தில், பூ முடிந்த கையோடு, இன்னொரு தொகுதி வரும். ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் தோட்டம் செய்கிற தமிழர் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறோம். மாதக் கணக்கெல்லாம் ரொறன்ரோவுக்கானது. இங்கிலாந்தின் லண்டனுக்கு மாறுகிற இடத்தில் அதைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

இது வெங்காயம் மாதிரி இருக்கு. ஏன் கிழங்கு எண்டு சொல்லுறீங்கள்?

வெங்காயத்தின் அமைப்பேதான். டியூலிப், டஃபோடில், ஹயசிந்த், மஸ்காரி எல்லாம் தாவரவியலில் குமிழம். சதைப்பற்றான செதில்கள் ஒன்றையொன்று சுற்றியிருக்கும், அடியிலுள்ள வட்டத் தட்டிலிருந்து வேர் இறங்கும். குரோக்கஸ் மட்டும் கந்தம்: சேப்பங்கிழங்கு போல உள்ளே செதில் இல்லாமல் ஒரே கட்டியாக இருக்கும். பேச்சில் எல்லாமே கிழங்கு, இங்கேயும் அப்படியே எழுதுகிறோம்.

ஒரு டியூலிப் கிழங்கை ஒக்டோபரில் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவில் இதழும் மகரந்தக் காம்புமாக ஒரு குட்டி மொட்டு உட்கார்ந்திருக்கும். அதாவது, நீங்கள் வாங்கும்போதே அடுத்த வசந்தத்துப் பூ உள்ளே தயார். முதல் வருடப் பூவுக்கான பாராட்டு கிழங்கை வளர்த்தவருக்குப் போகவேண்டியது. இரண்டாம் வருடம் பூத்தால்தான் அது உங்கள் கைவேலை. கீழே வரும் பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

இவ்வளவு குளிருக்கு மண்ணுக்குள்ள கிடந்தால் செத்துப்போகாதோ? வசந்தத்தில நட்டால் என்ன?

சாகாது. அந்தக் குளிர் இல்லாவிட்டால்தான் பூ வராது. டியூலிப்பை ஒல்லாந்துப் பூ என்று நினைக்கிறோம். அதன் பூர்வீகம் மத்திய ஆசியாவின் தியான் ஷான் போன்ற மலைச்சரிவுகள். அங்கே குளிர்காலத்தில் நிலம் உறையும், கோடையில் புல்லும் கருகும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற இரண்டு மூன்று மாதத்தில் இலைவிட்டு, பூத்து, மறுபடி மண்ணுக்குள் ஒடுங்கப் பழகிய செடி அது.

இலையுதிர்காலத்தில் கிழங்கு வேர் விடும். பிறகு 12 முதல் 16 கிழமை (வாரம்) வரை 9 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் உள்ளே இருக்கிற மொட்டின் காம்பு ஒழுங்காக நீளும். குளிர் போதாவிட்டால் மொட்டு இலைகளின் அடியிலேயே சிக்கி, காம்பில்லாமல் வாடிவிடும். ஏப்ரலில் நட்ட கிழங்குக்கு வேர்விட நேரமும் இல்லை, குளிரும் இல்லை.

சரி, எந்த மாதம் நடுறது?

மண்ணின் வெப்பம் 13 பாகை அளவுக்கு இறங்கியபின். செப்டெம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை காலம் உண்டு. ஒக்டோபர் இரண்டாவது திங்களில் வரும் நன்றிநவிலல் நாளை ஒரு கோடாக வைத்துக்கொள்ளலாம். ஸ்னோடிராப், குரோக்கஸ், டஃபோடில் ஆகியவற்றை அதற்கு முன்னும் பின்னுமாக முடித்துவிடுங்கள். டஃபோடிலுக்கு வேர்விட நிறைய நாள் வேண்டும். ஸ்னோடிராப் கிழங்கு சிறியது, பைக்குள் சீக்கிரம் காய்ந்துவிடும். டியூலிப்பை அந்த நாளுக்குப் பிறகு நடுங்கள். சூடான ஈரமண்ணில் அதற்குப் பூஞ்சண நோய் தொற்றும் வாய்ப்பு அதிகம்.

லண்டனில் எல்லாம் பிந்தும். அங்கே டியூலிப்புக்கு நவம்பர்தான் மாதம், டிசம்பரிலும் நடலாம். ரொறன்ரோவில் பிந்திவிட்டால், மண்வெட்டி இறங்குகிற கடைசி நாள் வரை நட்டுப் பார்க்கலாம். பைக்குள் காய்வதைவிட அது மேல்.

எவ்வளவு ஆழம்? எந்தப் பக்கம் மேல?

கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்துக்குக் குழி. டியூலிப்புக்கும் டஃபோடிலுக்கும் 15 முதல் 20 சென்ரிமீற்றர், ஹயசிந்துக்கு 15, குரோக்கஸ், மஸ்காரி, ஸ்னோடிராப் ஆகியவற்றுக்கு 8 முதல் 10. வெங்காயக் குடும்பப் பூவான பெரிய அல்லியத்துக்கு 20. களிமண் என்றால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் குறைக்கலாம். பலர் 10 சென்ரிமீற்றரில் கை ஓய்ந்துவிடுகிறார்கள். அணில் தோண்டுவதும் பனி உருகும்போது கிழங்கு மேலே கிளம்புவதும் அங்கேதான் தொடங்கும்.

கூர்நுனி மேலே, தட்டையான அடி கீழே. தலைகீழாக வைத்தாலும் முளை வளைந்து மேலே வரும், ஆனால் அந்த வளைவுக்கே கிழங்கின் சத்துப் போய்விடும். எது மேல் என்று தெரியாவிட்டால் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். பெரிய கிழங்குகளுக்கிடையே 12 முதல் 15 சென்ரிமீற்றர், சிறியவற்றுக்கு 5 முதல் 8. ஒரே ஒரு வரியாக நட்டால் வேலிக்கம்பி போல இருக்கும். ஒரு அகலக் குழியாக வெட்டி 10, 15 கிழங்குகளைச் சேர்த்து வைத்தால் வேலையும் குறைவு, பார்வைக்கும் நிறைவு. நட்டு முடிந்ததும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வேரை எழுப்புவது அந்த ஈரம்தான்.

50 கிழங்குப் பை மலிவா கிடக்கு. வாங்கலாமோ?

பையில் எண்ணிக்கையோடு அளவும் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். அது கிழங்கின் சுற்றளவு, சென்ரிமீற்றரில். டியூலிப்புக்கு 12க்கு மேல் இருந்தால் நல்ல கிழங்கு. 10/11 என்றிருந்தால் பூ சிறுக்கும், இரண்டாம் வருடம் பெரும்பாலும் இலை மட்டும்தான். ஹயசிந்தில் மட்டும் இதற்கு விலக்கு: மிகப் பெரிய கிழங்கின் பூ மழையில் கனத்துச் சரியும், எனவே வளவுக்கு 14 முதல் 16 அளவே நல்லது. டஃபோடிலில் ஒரே அடியில் இரண்டு மூன்று மூக்குகள் (முளைவிடும் நுனிகள்) உள்ள கிழங்கைத் தேடுங்கள். மூக்குக்கு ஒரு பூக்காம்பாவது எதிர்பார்க்கலாம்.

தொட்டுப் பார்ப்பது சின்ன வெங்காயம் வாங்குகிற அதே முறை. கையில் கனக்கவேண்டும், பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போகக்கூடாது. மேல்தோல் உரிந்திருப்பதும் லேசான நீலப் பூஞ்சணமும் பெரிய குற்றமில்லை. அடித்தட்டு மெத்தென்று இருந்தால் வாங்காதீர்கள்.

எங்கட வளவு முழுக்கக் களிமண். தண்ணி நிக்குது. என்ன செய்யலாம்?

இதற்குத்தான் அதிகம் மினக்கெட வேண்டும். புதுக் குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, வீடு கட்டி முடிந்தபின் மெல்லிய படையாக மண் கொட்டிப் புல் விரிப்பது வழக்கம். கீழே இயந்திரம் ஓடி இறுகிய களி. கிழங்கைக் கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, அந்தக் களியில் தேங்கும் தண்ணீர்.

சோதித்துப் பாருங்கள். 30 சென்ரிமீற்றர் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு இரண்டரை சென்ரிமீற்றராவது இறங்கினால் போதும். நாலு மணி நேரம் கழித்தும் பெரும்பாலும் நிரம்பியே நின்றால் அந்த இடத்தில் தரையில் நடவேண்டாம். 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள், இல்லாவிட்டால் சரிவான இடத்துக்குப் போங்கள். ஓரளவு வடிகிற களியில், குழியில் மட்டுமல்லாமல் பாத்தி முழுவதிலும் மக்கிய இலையுரத்தை 5 முதல் 8 சென்ரிமீற்றர் பரப்பிக் கொத்திக் கலக்குங்கள்.

குழியின் அடியில் சரளைக்கல் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். நுண்மண்ணிலிருந்து தண்ணீர் சட்டென்று கல்லுக்குள் இறங்காது; கல்லுக்கு மேலே, கிழங்கு இருக்கிற அதே மட்டத்தில், தேங்கி நிற்கும்.

குழிக்குள்ள எலும்புத்தூள், மாட்டெரு போடவேணுமோ?

முதல் வருடத்துக்கு எதுவும் தேவையில்லை. பூ உள்ளேயே இருக்கிறது என்று முதல் பதிலில் சொன்னோம். எலும்புத்தூளின் மணத்துக்கு நாயும் அணிலும் ஸ்கங்கும் வந்து தோண்டும். மக்காத எரு கிழங்கில் படும் இடத்தில் அழுகல் தொடங்கும். சத்துத் தேவைப்படுவது முளை தலைகாட்டும்போதுதான். அப்போது இரண்டு சென்ரிமீற்றர் மக்குரம், அல்லது தழைச்சத்துக் குறைந்த உரம் ஒரு கைப்பிடி, மண்ணின்மேல் தூவினால் போதும்.

அணில் எல்லாத்தையும் தோண்டித் திண்டுபோட்டுது! மிளகாய்த்தூள் போட்டும் நிக்கேல்லை.

ஒரு மழைக்கு மிளகாய்த்தூள் கரைந்துவிடும். தூள் கண்ணில் பட்ட மிருகம் வீணாக வதைபடுவதுதான் மிச்சம். அணிலுக்குப் பிடித்தவை டியூலிப்பும் குரோக்கஸும். டஃபோடிலையும் ஸ்னோடிராப்பையும் அவற்றிலுள்ள லைக்கோரின் போன்ற நச்சுப்பொருள்களால் தொடாது. அல்லியத்தையும், மணிபோல் தொங்கும் பூவுள்ள ஃபிரிட்டிலேரியாவையும் அவற்றின் மணத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். அணில் தொல்லை மிகுந்த வளவில் டஃபோடிலையே பெருமளவில் நடுவது எங்கள் முதல் ஆலோசனை.

டியூலிப்தான் வேண்டுமென்றால், நட்டபின் பாத்திமேல் இரண்டரை சென்ரிமீற்றர் கண்ணுள்ள கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரியுங்கள். பாத்தி ஓரத்தைத் தாண்டி 15 சென்ரிமீற்றர் நீளட்டும். நாலு மூலையிலும் கல் வைத்து, மேலே கொஞ்சம் மண்ணும் இலையும் தூவுங்கள். மார்ச்சில் முளை தெரிந்ததும் வலையை எடுத்துவிடுங்கள். அகல இலை வலைக்கண்ணுக்குள் நெரிபடும். இன்னொன்று: உதிர்ந்த கிழங்குத்தோலைப் பாத்தியில் விட்டு வராதீர்கள். புதிதாகக் கிளறிய மண்ணையும் அந்தத் தோலையும் வைத்தே அணில் இடத்தைக் கண்டுபிடிக்கும். நவம்பரில் பிந்தி நட்டால் அது தோண்ட நாளும் குறைவு. ஏப்ரலில் இலையை மொட்டையாகக் கடிப்பது பெரும்பாலும் முயல். அதற்கு அரை மீற்றருக்கு மேல் உயரமான வலை சுற்றவேண்டும்.

பின்வளவில பெரிய மேப்பிள் மரம். நிழலுக்கை வருமோ?

ஸ்னோடிராப், குரோக்கஸ், சிறு நீலப்பூவான சில்லா எல்லாம் மேப்பிள் இலை விரியுமுன் தங்கள் வேலையை முடித்துவிடும். முந்திப் பூக்கும் டஃபோடிலும் தாங்கும். டியூலிப்புக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். நிழலைவிடச் சிக்கலானது வாகனப் பாதையோரம். குளிர்காலத்தில் தள்ளிவிடும் பனியோடு உப்பும் அங்கேதான் சேரும். பாதையிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி நடுங்கள்.

ஜனவரியில சூடு வந்து முளை வந்திட்டுது. இனி பனி விழுந்தால் முடிஞ்சுதோ?

இல்லை. தெற்குப் பார்த்த சுவரோரம் இப்படி அடிக்கடி நடக்கும். இலைநுனி கருகலாம், ஆனால் மொட்டு இன்னும் கழுத்துக்குக் கீழே பாதுகாப்பாக இருக்கும். விழுகிற பனியே போர்வை. வாளியைக் கவிழ்க்கவேண்டாம், மண்ணை அணைக்கவேண்டாம். மொட்டு திறக்கும் தறுவாயில் கடும் உறைவு அறிவித்தால் மட்டும் ஒரு இரவுக்குப் பழைய படுக்கைவிரிப்பைப் போட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். சரிந்த டஃபோடிலும் வெயில் ஏறியதும் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

சித்திரை வருசப்பிறப்புக்குப் பூக்கிற மாதிரி நடலாமோ?

தரையில் பூக்கும் ஒழுங்கு ஏறத்தாழ இது: மார்ச்சில் ஸ்னோடிராப், மார்ச் கடைசியிலிருந்து குரோக்கஸ், ஏப்ரலில் சில்லா, ஏப்ரல் நடுவிலிருந்து டஃபோடில், அதையடுத்து ஹயசிந்த், ஏப்ரல் கடைசி முதல் மே கடைசி வரை இனத்துக்கு இனம் டியூலிப், ஜூனில் அல்லியம். ஏப்ரல் 14 அன்று குரோக்கஸும் சில்லாவும் இருக்கும், வெயில் விழும் மூலையில் டஃபோடில் இருக்கலாம். டியூலிப்பை அன்று எதிர்பார்க்காதீர்கள்.

சட்டியில் வைத்தால் கணக்குப் போட்டுக் கொண்டுவரலாம். குளிரில் 14 கிழமை, வீட்டுக்குள் வெளிச்சத்தில் 3 கிழமை, மொத்தம் 17. ஏப்ரல் 14இலிருந்து பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 16. அன்று சட்டியில் நட்டு, நனைத்து, 2 முதல் 7 பாகை வரை நிற்கிற கராஜ் மூலையிலோ பழைய குளிர்சாதனப் பெட்டியிலோ வைத்து, மார்ச் 24 அளவில் வெளியே எடுங்கள். முதற்கிழமை 15 பாகை போதும், சட்டென்று சூடான அறைக்கு வந்தால் மொட்டு கருகும். தைப்பொங்கலுக்கு ஹயசிந்த் வேண்டுமென்றால், முன்கூட்டிப் பதப்படுத்திய கிழங்கு என்று கேட்டு வாங்கி ஒக்டோபர் 15 அளவில் தொடங்குங்கள். அதற்குக் குளிரில் 10 கிழமையும் வெளிச்சத்தில் 3 கிழமையும். அந்தப் பெட்டியில் அப்பிளோ வாழைப்பழமோ இருக்கவே கூடாது. பழுக்கும் பழம் விடுகிற எதிலீன் வாயுவில் உள்ளிருக்கும் மொட்டு செத்துப்போகும். இலை மட்டும் வரும்.

பூ முடிஞ்சுபோச்சு. இலையை வெட்டினால் வடிவா இருக்குமெல்லோ?

வடிவாக இருக்கும், அடுத்த வருடம் பூ இருக்காது. பூ வாடிய நாளிலிருந்து இலை மஞ்சளாகும் வரையான ஐந்தாறு கிழமையில்தான் கிழங்கு அடுத்த வருடத்துக்கான சத்தைச் சேர்க்கிறது, கோடையில் அதற்குள் புது மொட்டும் உருவாகிறது. வாடிய பூவின் தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள், விதைக்குச் சத்துப் போகாது. பச்சைக் காம்பையும் இலையையும் அப்படியே விடுங்கள். இழுத்தால் எதிர்ப்பில்லாமல் கையோடு வரும்போது எடுக்கலாம்.

இலையைப் பின்னலாகப் பின்னுவது, ரப்பர் போட்டுக் கட்டுவது எல்லாம் வெயில் படும் பரப்பைக் குறைப்பதுதான். கண்ணுக்கு உறுத்தினால் முன்னால் ஹோஸ்டாவோ டேலில்லியோ வையுங்கள். டஃபோடில் இலை மஞ்சளாகிற சமயம் அவை நிமிர்ந்து மறைத்துவிடும். புல்தரையில் குரோக்கஸ் நட்டவர்கள் அதன் இலை காயும்வரை புல்வெட்டியை எடுக்கவேண்டாம்.

ஒட்டாவாவில ஒவ்வொரு வருசமும் அப்பிடிப் பூக்குது. எங்கட டியூலிப் மட்டும் ஏன் ரெண்டு வருசத்தில காணாமல் போகுது?

ஒட்டாவா டியூலிப் விழாப் பாத்திகளில் ஒவ்வொரு இலையுதிர்காலமும் புதுக் கிழங்கு நடுகிறார்கள். அந்தக் கதை போர்க்காலத்தில் தொடங்கியது. நெதர்லாந்து இளவரசி யூலியானா ஒட்டாவாவில் அடைக்கலம் இருந்தார். 1943இல் அவருக்கு மகள் மர்கிரியெட் அங்கேயே பிறந்தார். 1945இல் நன்றியாக நெதர்லாந்திலிருந்து 1,00,000 கிழங்குகள் வந்தன. இன்றும் வருடம் 20,000 வருகின்றன. விழா 1953இல் தொடங்கியது. எனவே அதோடு உங்கள் பாத்தியை ஒப்பிட்டு மனம் நோகவேண்டாம்.

வீட்டில் மறைவதற்குக் காரணம் அதன் பிறவிக்குணம். டஃபோடில் கிழங்கு வருடக்கணக்காக இருந்து பெருக்கும். டியூலிப்பில் தாய்க்கிழங்கு ஒவ்வொரு வருடமும் முழுவதாகக் கரைந்துபோய், பதிலுக்குச் சில குட்டிக் கிழங்குகளை விட்டுப்போகும். குட்டி பருத்தால் பூ, இல்லாவிட்டால் ஒற்றை அகல இலை. அது பருக்க வசந்தத்தில் வெயிலும் கோடையில் காய்ந்த சூடான மண்ணும் வேண்டும், அதன் மலைநாட்டில் இருப்பதுபோல. நாமோ ஜூலையில் கத்தரிக்கும் தக்காளிக்கும் விடுகிற தண்ணீரை அதன் தலையிலும் விடுகிறோம். கோடையில் நீர் பாய்ச்சாத மூலையில், 20 சென்ரிமீற்றர் ஆழத்தில், டார்வின் கலப்பினங்களை (அப்பல்டோர்ன் அவற்றில் ஒன்று) நட்டால் நாலைந்து வருடம் நிற்கும். டியூலிப்பா டார்டா, டியூலிப்பா குளூசியானா போன்ற காட்டினங்கள் குள்ளமானவை, ஆனால் தாமாகவே பெருகும். இதழோரம் கிழிந்த, இரட்டையடுக்கு ஆடம்பர வகைகளை ஒரு வருடப் பூ என்றே எண்ணி வாங்குங்கள்.

டஃபோடில் இலை மட்டும் அடர்த்தியா வருது, பூவே இல்லை.

நாலு காரணம் இருக்கலாம். பல வருடமாகப் பெருகி நெருக்கடி, மரம் வளர்ந்து நிழல், போன வருடம் இலையை முந்தி வெட்டியது, ஆழம் குறைவு. நெருக்கடி என்றால் இலை மஞ்சளாகும் ஜூன் கடைசியில் தோட்ட முள்ளுக்கரண்டியால் கொத்தாகக் கிளப்பி, தானாகப் பிரிகிறவற்றை மட்டும் பிரித்து, உடனே 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுங்கள். இலை இருக்கும்போதே செய்தால் கிழங்கு எங்கே என்று தேடவேண்டியதில்லை.

கிளப்பும்போது சில கிழங்குகள் மெத்தென்று இருந்து, உள்ளே ஒரு கொழுத்த புழு இருந்தால் அது டஃபோடில் ஈயின் வேலை. அவற்றைக் குப்பையில் போடுங்கள், மக்குரக் குவியலில் போடவேண்டாம். இலை வாடும்போது மண்ணில் விழும் துளை வழியாக ஈ இறங்கி முட்டையிடும். அந்த நேரத்தில் மண்ணை வாரி மூடிவிடுவது எளிய தடுப்பு.

கொண்டோ பல்கனியில சட்டியில வைக்கலாமோ?

வைக்கலாம், ஆனால் தரையில் தாங்குகிற கிழங்கு சட்டியில் தாங்காமல் போகலாம். தரைமண் மேலிருந்து மட்டும் உறையும். சட்டி நாலு பக்கமும் உறையும். 40 சென்ரிமீற்றர் அகல ஆழமுள்ள, அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் அல்லது மரத் தொட்டி எடுங்கள். மண்சட்டி வெடிக்கும். உள்சுவரில் நுரைத்தகடு பொருத்தி, வீட்டுச் சுவரோரம் தள்ளி வையுங்கள். சூடில்லாத கராஜ் இருந்தால் அதுவே சிறந்த இடம். மாதம் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்த்து, தூசியாகக் காய்ந்திருந்தால் ஒரு குவளைத் தண்ணீர்.

ஒரே தொட்டியில் அடுக்கடுக்காக நடலாம்: 20 சென்ரிமீற்றரில் டியூலிப், அதன்மேல் மண்போட்டு 15இல் ஹயசிந்த், 8இல் குரோக்கஸ். கீழுள்ளது மேலுள்ளதைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

நடாமல் மறந்துபோன பை ஜனவரியில கண்டன். எறியுறதோ?

அழுத்திப் பாருங்கள். கட்டியாக இருந்தால் உடனே சட்டியில் நட்டு, வருடப்பிறப்புக் கேள்வியில் சொன்ன குளிர்க் கணக்கில் விடுங்கள். மே மாதத்தில் கட்டையான பூவாவது வரும். அடுத்த ஒக்டோபர் வரை வைத்திருக்க நினைக்காதீர்கள். கிழங்கு தன்னைத்தானே தின்று சருகாகிவிடும்.

ஈஸ்டருக்குக் கிடைச்ச பூச்சட்டியை வெளியில நடலாமோ?

டஃபோடில், மஸ்காரி, ஹயசிந்த் என்றால் பூ முடிந்தபின் இலை காயும்வரை சன்னலோரம் வைத்து, பிறகு தரையில் நடலாம். ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டுப் பூக்கும். டியூலிப் பெரும்பாலும் திரும்பாது. பேப்பர்வைட் எனப்படும் வெள்ளை நார்சிஸஸும் அமரில்லிஸும் ரொறன்ரோக் குளிரைத் தாங்கவே தாங்கா.

இலை வெங்காயத்தாள் மாதிரித்தான் இருக்கு. தெரியாமல் சமைச்சால்?

ஆபத்து. டஃபோடிலின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கில் அதிகம். தின்றால் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிரித்தானியாவில் 2015இல் பொதுச் சுகாதாரத் துறையே, டஃபோடிலைக் காய்கறிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம் என்று கடைகளைக் கேட்டுக்கொண்டது. சிலர் சீன மரக்கறியென நினைத்துச் சமைத்திருந்தார்கள். கிழங்குப் பையைச் சமையலறை வெங்காயக் கூடைக்கு அருகே வைக்கவே வேண்டாம். டியூலிப் கிழங்கை நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் தின்றார்கள் என்பது உண்மை, ஆனால் கடைக்கிழங்கில் பூஞ்சணக்கொல்லி பூசியிருக்கக்கூடும். அல்லியம் வெங்காயக் குடும்பமானாலும் அதே காரணத்தால் பானைக்குப் போகவேண்டாம். ஹயசிந்த் கிழங்கைத் தொட்டால் ஊசிபோன்ற ஒட்சலேற்றுப் படிகங்களால் கை அரிக்கும், கையுறை போடுங்கள். நாய் கிழங்கைத் தோண்டித் தின்றால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

குரோக்கஸ் நட்டால் குங்குமப்பூ எடுக்கலாமா?

வசந்தக் குரோக்கஸில் எடுக்க முடியாது. குங்குமப்பூ தருவது குரோக்கஸ் சட்டைவஸ் என்ற தனி இனம். காஷ்மீரின் பாம்போரில் விளைவது அதுதான். அது பூப்பது இலையுதிர்காலத்தில். ஓகஸ்ட், செப்டெம்பரில் நடவேண்டும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 150 பூ வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. கொல்சிக்கம் என்ற செடியும் அதே பருவத்தில் அதே வடிவில் பூக்கும், இலையுதிர்காலக் குரோக்கஸ் என்றே விற்பார்கள். அது உயிரைக் கொல்லும் நஞ்சு. மகரந்தக் காம்புகளை எண்ணுங்கள்: குரோக்கஸில் மூன்று, கொல்சிக்கத்தில் ஆறு. நம் செங்காந்தளும் இந்தக் கொல்சிக்கமும் ஒரே குடும்பம், இரண்டிலும் இருப்பது கொல்சிசின் என்ற அதே நஞ்சு.

அப்ப செங்காந்தள் கிழங்கையும் இப்பிடி மண்ணுக்குள்ளயே விடலாமோ?

விடக்கூடாது. காந்தள் வறட்சியில் உறங்கும், உறைபனியில் அழுகும். முதல் உறைபனிக்கு முன் தோண்டி, காய்ந்த மணலில், 10 முதல் 15 பாகையில் வைத்து மே கடைசியில் நடுங்கள். தாலியாவும் இப்படியே தோண்டி வைக்கவேண்டியதுதான், அதற்கு 5 முதல் 10 பாகை.

டியூலிப் கிழங்கைச் சென்னைக்கு எடுத்துட்டுப் போய் வளர்க்க முடியுமா?

இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுபோக முடியாது. இந்தியாவிலேயே வாங்கினாலும், சென்னையில் குளிர்சாதனப் பெட்டியில் 14 கிழமை வைத்து, டிசம்பர் கடைசியில் சட்டிக்கு மாற்றி, குட்டைக் காம்போடு ஒருமுறை பூப்பதைப் பார்க்கலாம். மறுவருடம் அந்தக் கிழங்கால் பயனில்லை. ஊட்டியிலும் நுவரெலியாவிலும் இரவு குளிர்ந்தாலும் பகல் சூடேறிவிடுவதால் முன்குளிரூட்டிய கிழங்கே வேண்டும். இந்தியாவில் இது தரையில் பெருமளவில் பூக்கிற இடம் ஸ்ரீநகர். சபர்வான் மலையடியில் 2007இல் திறந்த தோட்டம் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் நிறையும். சென்னை மாடியில் நிலச்சம்பங்கி வையுங்கள். மணமும் உண்டு, வருடாவருடம் வரும்.

பூவெட்டிச் சாடியில வைச்சால் டியூலிப் சீக்கிரம் சாயுது.

அதே சாடியில் டஃபோடில் இருந்திருக்கும். வெட்டிய டஃபோடிலின் வழுவழுப்பான சாறு மற்றப் பூக்களை வாடவைக்கும். அதை ஓர் இரவு தனித் தண்ணீரில் வைத்து, பிறகு காம்பை மறுபடி வெட்டாமல் சேருங்கள். டியூலிப்பை வெட்டும்போது செடியில் இரண்டு இலையாவது விடுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

டியூலிப் இலையில சுட்ட மாதிரிப் புள்ளி, மொட்டும் அழுகுது.

பொட்ரைட்டிஸ் டியூலிப்பே என்ற பூஞ்சணம். ஈர வசந்தத்தில் விரைவாகப் பரவும். கண்டவுடன் கிழங்கோடு பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள். மருந்தடித்துக் காப்பாற்றப் பார்ப்பது வீண்வேலை. அந்தப் பாத்தியில் மூன்று வருடம் டியூலிப் வேண்டாம், டஃபோடில் நடலாம். லண்டன் பக்கம் இது அதிகம், அங்கே பிந்தி நடச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஃபிரிட்டிலேரியாவில் சிவப்பு வண்டு கண்டால் கையால் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். இலையின் அடிப்பக்கத்துச் செம்மஞ்சள் முட்டைவரிசையையும் நசுக்கிவிடவேண்டும்.

பக்கத்து வீட்டு நீலப்பூ எங்கட புல்லுக்கை முழுக்க வந்திட்டுது. நாங்கள் நடவேயில்லை.

சைபீரிய சில்லா. அதன் விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்பு இழுத்துப்போகும், வேலி அதற்குத் தடையில்லை. புல்தரைக்குக் கேடில்லை. ஆனால் உங்கள் வளவு பள்ளத்தாக்கு ஓரத்திலோ காட்டோரத்திலோ இருந்தால் அதைப் புதிதாக நடாதீர்கள். ஒன்ராறியோக் காட்டுத்தரையில் புகுந்து, அங்கே இயல்பாக வசந்தத்தில் பூக்கும் டிரில்லியம் போன்றவற்றின் இடத்தைப் பிடிக்கும். குறைக்க விரும்பினால் பூ வாடியதும், விதைப்பை வெடிக்குமுன், புல்வெட்டியை ஓட்டுங்கள். இலையையும் சேர்த்து வெட்டுவது இங்கே மட்டும் நல்லது.